தோற்ற வழக்கு, ஒன்பது நாள் கெடு: மேல்முறையீடு செய்யலாமா?

சிட்னியிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

2017-ல் மளிகைக் கடை தொடங்குவதற்காக, பெரியப்பா மகனிடமிருந்து இரண்டு தவணையாக 1 லட்சத்து 10 ஆயிரம் டாலர் வாங்கினார். எழுத்தில் எதுவும் இல்லை. கடை 2021-ல் மூடப்பட்டது. 2024-ல் அண்ணன் வழக்குப் போட்டார். "அது கடன் இல்லை, கடையில் அவர் போட்ட பங்கு, கடை போனால் பங்கும் போனதுதான்" என்பது வாசகரின் வாதம். நியூ சவுத் வேல்ஸ் மாவட்ட நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடன்தான் என்று தீர்ப்பளித்து, வட்டியோடு 1 லட்சத்து 48 ஆயிரம் டாலரும் வழக்குச் செலவும் கொடுக்கச் சொல்லிவிட்டது. தீர்ப்பு வந்து 19 நாள் ஆகிறது, மேல்முறையீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

ஐந்து நாளுக்கு முன் அண்ணனின் சொலிசிட்டரிடமிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. வட்டி, செலவு எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 25 ஆயிரத்தை நான்கு மாதத்தில் கட்டினால் போதும். பதில் சொல்ல 14 நாள் அவகாசம். மேல்முறையீட்டுக்குப் போனால் 'இன்டெம்னிட்டி' அடிப்படையில் செலவு கேட்போம் என்றும் அதில் இருக்கிறது. வாசகர் கேட்கிறார்: "இது வெறும் மிரட்டல்தானே? நான் பொய் சொல்லவில்லை. நேர்மையாகப் போராடுகிறவனுக்கு அப்படி ஒரு தண்டனை கொடுப்பார்களா? வக்கீல் வைக்காமல் நானே வாதாடினால் செலவு பிரச்சினையே இல்லை என்கிறார் நண்பர். மூன்று நீதிபதிகள் முதலிலிருந்து கேட்டால் உண்மை வெளிவரும். உறவுக்காரர்கள் முன்னால் பொய்யன் என்ற பெயரோடு என்னால் இருக்க முடியாது."

அன்புள்ள வாசகருக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க அந்த வரிதான் பேசுகிறது. பணம் போன வருத்தத்தைவிட, ஒரு நீதிபதி நம்மை நம்பவில்லை என்பது ஆழமாகக் குத்தும். குடும்பத்துக்குள் நடந்த வழக்கில் இன்னும் அதிகம். அந்த வலியை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வலிக்கு மருந்து போடும் இடம் அல்ல. முதல் நீதிபதி எங்கே தவறினார் என்று காட்டச் சொல்லும் இடம் அது. அதைக் காட்ட முடியாமல் அங்கே போனால், உங்கள் செலவோடு அண்ணனின் செலவும் ஏறக்குறைய முழுதாக உங்கள் தலையில் விழலாம்.

இன்டெம்னிட்டி என்றால் என்ன?

இது அபராதம் இல்லை. தோற்றவர் ஜெயித்தவரின் செலவைக் கொடுக்க வேண்டும் என்பது இங்கே பொது விதி. ஆனால் சாதாரண அடிப்படையில் கணக்குப் போடும்போது, ஜெயித்தவர் தன் வக்கீலுக்குக் கொடுத்ததில் ஒரு பகுதிதான் திரும்பி வரும். நடைமுறையில் 60, 70 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். மீதியை ஜெயித்தவரே தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இன்டெம்னிட்டி அடிப்படையில் உத்தரவு வந்தால், நியாயமில்லாமல் ஏற்றப்பட்ட செலவு என்று தெரிவதை மட்டும் கழித்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும்.

ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். மேல்முறையீட்டில் அண்ணனுக்கு 60 ஆயிரம் டாலர் செலவானால், சாதாரண அடிப்படையில் நீங்கள் 40 ஆயிரத்தை ஒட்டிக் கொடுப்பீர்கள். இன்டெம்னிட்டி என்றால் அது 55 ஆயிரத்தைத் தொடலாம். இந்த வித்தியாசத்தை உங்களைத் தண்டிப்பதற்காக வாங்குவதில்லை. நடந்திருக்கவே கூடாத ஒரு வழக்குக்காக அவர் ஏன் கைக்காசை இழக்க வேண்டும் என்பதுதான் நீதிமன்றத்தின் பார்வை. நியூ சவுத் வேல்ஸில் 2005-ன் சிவில் நடைமுறைச் சட்டம், பிரிவு 98, இரண்டு அடிப்படையில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது.

"நான் நேர்மையாகத்தான் போராடுகிறேன்"

உங்கள் கடிதத்தில் நான் முக்கியமாகத் திருத்த நினைப்பது இதைத்தான். பொய் சொன்னவர்களுக்கும் இழுத்தடித்தவர்களுக்கும் மட்டும்தான் இந்த உத்தரவு வரும் என்று நினைக்கிறீர்கள். அவர்களுக்கு வரும், உண்மைதான். ஆதாரமில்லாமல் மோசடிக் குற்றம் சாட்டுவது, உள்நோக்கத்தோடு வழக்கை நடத்துவது, தேவையில்லாமல் நீட்டுவது, நியாயமான சமரசத்தைக் காரணமின்றித் தள்ளுவது ஆகியவற்றை 1993-ல் கோல்கேட்-பாமாலிவ், கசன்ஸ் நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் ஃபெடரல் நீதிமன்றம் தொகுத்துச் சொன்னது. இன்றும் வக்கீல்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தத் தீர்ப்பைத்தான்.

ஆனால் நேர்மையானவருக்கும் ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. 1988-ல் ஃபவுண்டன் செலக்டட் மீட்ஸ் வழக்கில் நீதிபதி உட்வர்ட் ஒரு அளவுகோல் வைத்தார். சரியான சட்ட ஆலோசனை பெற்ற ஒருவர் 'இதில் ஜெயிக்க வழியே இல்லை' என்று தெரிந்துகொண்டிருக்க வேண்டிய வழக்கைத் தொடங்கினாலோ தொடர்ந்தாலோ, இந்த உத்தரவைப் பரிசீலிக்கலாம். ஐந்து வருடம் கழித்து ஜே-கார்ப் வழக்கில் நீதிபதி ஃபிரெஞ்ச் இன்னும் தெளிவாக்கினார்: உள்நோக்கம் இருந்ததாக நிரூபிக்கத் தேவையில்லை, என்ன காரணமாக இருந்தாலும், ஒழுங்காக யோசித்தால் தேறாது என்று தெரியக்கூடிய வழக்கைப் பிடித்துக்கொண்டு தொங்கினாலே போதும்.

அளவுகோல் உங்கள் மனதில் இருந்தது என்ன என்பது இல்லை, கவனியுங்கள். சரியான ஆலோசனை கேட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்பதுதான். ஆகவே ஆலோசனை கேட்காமல் இருப்பது ஒரு கவசம் ஆகாது. நண்பர் சொன்ன 'நானே வாதாடுகிறேன்' யோசனையும் இங்கேதான் உடைகிறது. வக்கீல் இல்லாதவரிடம் நீதிபதிகள் பொறுமையாக இருப்பார்கள், நடைமுறையை விளக்குவார்கள். ஆனால் அந்தப் பக்கம் அண்ணன் வக்கீலுக்குக் காசு கொடுத்துக்கொண்டுதான் இருப்பார். அந்தச் செலவு உங்களிடம் வராது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் உங்களைப் பயமுறுத்துவதாக ஆகிவிடும். பலவீனமான மேல்முறையீடு வேறு, தேறாத மேல்முறையீடு வேறு. வாதாடத்தக்க ஒரு புள்ளியோடு போய்த் தோற்றவருக்கு வழக்கமாகச் சாதாரண அடிப்படைதான். தோல்வி மட்டுமே காரணமாக யாருக்கும் இன்டெம்னிட்டி போடுவதில்லை. ஆனால் முதல் வழக்கைவிட மேல்முறையீட்டில் ஆபத்து ஒரு படி அதிகம் என்பது என் கருத்து. முதல் வழக்கில் சாட்சி எப்படிப் பேசும் என்று யாருக்கும் தெரியாது. மேல்முறையீட்டுக்கு வரும்போது, நீங்கள் ஏன் தோற்றீர்கள் என்று காரணங்களோடு எழுதிய தீர்ப்பு உங்கள் கையில் இருக்கிறது. அதைப் படித்த பிறகும் ஏன் வந்தீர்கள் என்ற கேள்வி இயல்பாக எழும்.

உங்கள் காரணங்கள் எந்த வகை?

நீங்கள் அனுப்பிய தீர்ப்பின் பத்திகளையும், மேல்முறையீட்டுக்கு நீங்கள் சொல்லும் நான்கு காரணங்களையும் படித்தேன்.

முதலாவது, மூன்று நீதிபதிகள் புதிதாகக் கேட்பார்கள் என்பது. மேல்முறையீட்டை 'மறு விசாரணை' என்றுதான் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1970-ன் உச்ச நீதிமன்றச் சட்டம், பிரிவு 75ஏ சொல்கிறது. ஆனால் நடப்பது வேறு. நீங்கள் சாட்சிக் கூண்டில் ஏற மாட்டீர்கள், அண்ணனும் ஏற மாட்டார். முதல் விசாரணையின் எழுத்துப் பிரதியையும் ஆவணங்களையும் வைத்துக்கொண்டு, பிழை எங்கே என்று கேட்பார்கள். யாரை நம்புவது என்பதில் முதல் நீதிபதியின் முடிவை மாற்ற, மறுக்கவே முடியாத ஒன்று வேண்டும். 2003-ல் ஃபாக்ஸ் எதிர் பெர்சி வழக்கில் அப்படி ஒன்று இருந்தது. குதிரையில் வந்தவரும் கோம்பி வேனும் மோதிய விபத்து அது. குதிரையில் வந்தவர் பக்கச் சாட்சியத்தை முதல் நீதிபதி நம்பினார். ஆனால் வேனின் டயர் தடம், வேன் தன் பக்கத்திலேயே வந்ததைக் காட்டியது. சாலையில் விழுந்த தடம் பேச்சைவிடப் பெரிது என்று மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது, நாட்டின் தலைமை நீதிமன்றமான ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது.

உங்கள் வழக்கில் அந்த டயர் தடம் எந்தப் பக்கம் இருக்கிறது? 2019 கடைசியில் நீங்கள் அனுப்பிய வாட்ஸப் செய்தி தீர்ப்பில் அப்படியே இருக்கிறது: "அண்ணா, தை பிறந்ததும் உங்க காசைத் திருப்பித் தர ஆரம்பிக்கிறேன்." அதன்பின் 18 மாதம், மாதம் 500 டாலர் வங்கி வழியாகப் போட்டிருக்கிறீர்கள், குறிப்பில் 'லோன்' என்று எழுதி. மரியாதைக்காகச் சொன்னது, வேறு சொல் தோன்றாமல் எழுதியது என்கிறீர்கள். அப்படியும் இருந்திருக்கலாம். ஆனால் அந்த விளக்கத்தை நீதிபதி கேட்டார், எடை போட்டார், ஏற்கவில்லை. அது அவர் வேலை. வேறு நீதிபதி வேறு மாதிரி முடிவு செய்திருக்கலாம் என்பது பிழை ஆகாது.

இரண்டாவது, கராஜில் இப்போது கிடைத்த கணக்கு நோட்டு. 'அண்ணன் பங்கு' என்று நீங்களே எழுதியது. முழு விசாரணை முடிந்த பிறகு புதுச் சான்றை ஏற்க 'சிறப்புக் காரணம்' வேண்டும். முயன்று தேடியிருந்தால் அப்போதே கிடைத்திருக்குமா, தீர்ப்பையே மாற்றியிருக்க வாய்ப்பு மிக அதிகமா, நம்பத்தக்கதா என்று பார்ப்பார்கள். உங்கள் கராஜில், உங்கள் பெட்டியில், உங்கள் கையெழுத்தில் இருந்த நோட்டு முதல் கேள்வியையே தாண்டாது.

மூன்றாவது, காலாவதி. 2017-ல் கொடுத்த கடனுக்கு ஆறு வருடத்துக்கு மேல் கழித்து 2024-ல் வழக்கா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்விதான், ஆனால் அதை உங்கள் எதிர்வாதத்தில் எழுப்பவே இல்லை. அப்போது சொல்லாத வாதத்தை மேல்முறையீட்டில் சொல்லப் பெரும்பாலும் விட மாட்டார்கள், அதிலும் முன்பே சொல்லியிருந்தால் எதிர்த்தரப்பு சான்று கொண்டு வந்திருக்கலாம் என்ற நிலையில். விட்டாலும் பயனில்லை. கடனில் ஒரு பகுதியைக் கட்டினால் காலக்கணக்கு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓடும் என்கிறது 1969-ன் காலவரையறைச் சட்டம். 2020, 2021-ல் நீங்கள் கட்டிய 500 டாலர்கள் அதைத்தான் செய்துவிட்டன.

நான்காவது, நீதிபதி ஒருதலைப்பட்சமாக இருந்தார் என்பது. உங்களை மூன்று முறை இடைமறித்துக் கேள்வி கேட்டார் என்பதைத் தவிர இதற்கு நீங்கள் எதையும் காட்டவில்லை. தயவுசெய்து இதை எழுத்தில் போடாதீர்கள். ஆதாரமில்லாத இந்தக் குற்றச்சாட்டு ஒன்றே செலவு உத்தரவை உங்களுக்கு எதிராகச் சாய்க்கக் கூடும்.

மறைந்திருக்கும் ஒரு நல்ல புள்ளி

நீங்கள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நான் கட்டிய 9,000 கூடக் கழிக்கப்படவில்லை." தீர்ப்பைப் பார்த்தேன். அந்த 9,000 டாலரைத் திருப்பிக் கட்டிய தொகை என்று நீதிபதியே ஏற்றிருக்கிறார். ஆனால் கடைசிக் கணக்கில் அதைக் கழிக்க விட்டுப்போயிருக்கிறது. இது உண்மையான பிழை, இதில் நீங்கள் சொல்வது சரி.

ஆனால் இதற்கு மேல்முறையீடு தேவையில்லை. தற்செயலாக நேர்ந்த எழுத்துப் பிழை, விடுபாடு ஆகியவற்றைத் தீர்ப்பளித்த நீதிமன்றமே திருத்திக்கொள்ள விதி இருக்கிறது. வக்கீல்கள் 'ஸ்லிப் ரூல்' என்பார்கள். உங்கள் சொலிசிட்டர் எதிர்த்தரப்புக்கு ஒரு கடிதம் எழுதினால், பெரும்பாலும் அவர்களே ஒப்புக்கொண்டு சேர்ந்து மனுப் போடுவார்கள். இதை மட்டும் எடுத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போனால் இன்னொரு சிக்கலும் உண்டு: தகராறுத் தொகை 1 லட்சம் டாலருக்குக் கீழே போய்விடும், அப்போது முன் அனுமதி கேட்க வேண்டும். மொத்தத் தீர்ப்பையும் எதிர்த்தால் அனுமதி வேண்டியதில்லை, நேராக உள்ளே போகலாம். வாசலில் தடுக்க ஆள் இல்லாததால்தான் பலர் யோசிக்காமல் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

அந்த 1 லட்சத்து 25 ஆயிரம் கடிதம்

அது மிரட்டல் இல்லை. 1975-ல் இங்கிலாந்தில் கால்டர்பேங்க் என்ற தம்பதியின் விவாகரத்து வழக்கிலிருந்து வந்த பழக்கம் அது. அதனால் 'கால்டர்பேங்க்' கடிதம் என்கிறோம். சமரசப் பேச்சாக ரகசியமாக இருக்கும், செலவைப் பற்றி முடிவெடுக்கும்போது மட்டும் நீதிபதியிடம் காட்டலாம். அதைவிட நல்ல முடிவு உங்களுக்குக் கிடைக்காமல் போனால், மறுத்தது நியாயமா என்று பார்ப்பார்கள். எந்தக் கட்டத்தில் வந்தது, யோசிக்க எவ்வளவு நாள் கொடுத்தார்கள், எவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள், அன்றைக்கு உங்கள் வாய்ப்பு எப்படி இருந்தது, வார்த்தைகள் தெளிவா, இன்டெம்னிட்டி கேட்போம் என்று முன்கூட்டியே சொன்னார்களா. 2005-ல் விக்டோரியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த இந்த ஆறையும் உங்களுக்கு வந்த கடிதத்தோடு பொருத்திப் பாருங்கள். தீர்ப்புக்குப் பிறகு வந்தது, 14 நாள் தந்தது, 9,000-ஐக் கழித்தாலும் தீர்ப்புத் தொகையைவிடக் குறைவு, அதோடு முதல் வழக்கின் செலவு முழுவதையும் விடுகிறது. மேல்முறையீட்டில் தோற்றால் உங்களுக்கு எதிராக முதலில் எடுக்கப்படும் காகிதம் அதுதான்.

இந்த ஒன்பது நாளில்

மேல்முறையீடு போட்டாலே தீர்ப்பு நின்றுவிடும் என்று எண்ணியிருக்கிறீர்கள். நிற்காது. நிறுத்தி வைக்கும்படி தனியாக 'ஸ்டே' கேட்க வேண்டும், காரணம் காட்ட வேண்டும். அதுவரை சம்பளத்திலோ வங்கிக் கணக்கிலோ கை வைக்க அவர்களால் முடியும். 10 ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட தீர்ப்புக் கடனுக்குத் திவால் நோட்டீஸும் அனுப்பலாம், அது வந்தால் 21 நாள்தான். வட்டியும் ஓடுகிறது: ரிசர்வ் வங்கியின் விகிதத்துக்கு மேல் 6 சதவீதம். மொத்தம் 10 சதவீதம் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு 40 டாலர்.

மேல்முறையீட்டு மனுவுக்கு 28 நாள் கெடு. அதற்குள் முடிவெடுக்க முடியாவிட்டால், 'மேல்முறையீடு செய்யும் எண்ணம்' என்ற அறிவிப்பை அந்த 28 நாளுக்குள் கொடுக்கலாம். அது மேல்முறையீட்டைத் தொடங்காது, மனுவுக்கான கெடுவை மட்டும் தீர்ப்பு நாளிலிருந்து மூன்று மாதமாக்கும். தீர்ப்பை அது நிறுத்தாது என்பதை மறக்காதீர்கள். ஆனால் யோசிக்க நேரம் தரும். முழு மனுவை அவசரமாகப் போட்டுவிட்டுப் பிறகு வாபஸ் வாங்குவதைவிட எவ்வளவோ மேல். வாபஸ் வாங்கினால் அதுவரையிலான எதிர்த்தரப்புச் செலவு பொதுவாக உங்களுடையது.

கிடைக்கும் நேரத்தில், முதல் வழக்கை நடத்தாத ஒரு பாரிஸ்டரிடம் தீர்ப்பை மட்டும் கொடுத்து எழுத்தில் கருத்துக் கேளுங்கள். சில ஆயிரம் டாலர் ஆகலாம், இந்தக் கட்டத்தில் அது வீண் செலவு அல்ல. அவர் எழுதுவது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான ரகசியம், எதிர்த்தரப்பால் கேட்டு வாங்க முடியாது. 'ஜெயிப்பேனா' என்று கேட்காமல், 'நீதிபதி செய்த பிழையை இரண்டு வரியில் எழுதித் தர முடியுமா' என்று கேளுங்கள். நான் பார்த்த அளவில், அந்த 9,000-ஐத் தவிர அப்படி ஒன்று இல்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நான் மேல்முறையீடு செய்ய மாட்டேன், சமரசத்தை எப்படிக் கட்டி முடிப்பது என்று பார்ப்பேன்.

நான்கு மாதத்தில் 1 லட்சத்து 25 ஆயிரம் புரட்டுவது கஷ்டம் என்றால் அதையே எழுதிக் கேளுங்கள்: பாதி இப்போது, மீதி ஒரு வருடத் தவணை. 9,000 விஷயத்தையும் அதே கடிதத்தில் எழுப்பினால் பேரம் பேச உங்களுக்கு ஒரு பிடி இருக்கும். உறவினர் யாராவது நடுவில் பேசினால் நல்லதுதான், ஆனால் முடிவு இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட காகிதத்தில் இருக்கட்டும். பாரிஸ்டரின் கருத்து வருவதற்குள் 14 நாள் முடிந்துவிடும் போலிருந்தால், கெடு முடிவதற்கு முன்பே, ஆலோசனை பெற்றுக்கொண்டிருக்கிறோம், இன்னும் பத்து நாள் வேண்டும் என்று சொலிசிட்டர் வழியாக எழுத்தில் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் அந்த மறுப்பையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். யோசிக்க போதிய நேரம் தந்தார்களா என்ற கேள்வி பிறகு எழுந்தால் அது உங்கள் பக்கம் பேசும்.